மூன்று விளக்கு டெஸ்டர் ‘சரி’ என்கிறது, மீட்டர் வேறு மாதிரி சொல்கிறது: வீடு வாங்குமுன் பிளக் பாயிண்டுகளை எப்படிச் சோதிப்பது?

புதுச்சாவி:

வணக்கம். பழைய வீடு ஒன்று வாங்கப் பேசி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் இன்னொரு முறை உள்ளே வந்து பார்த்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார். முதல் முறை போனபோது சாக்கெட்டில் செருகிப் பார்க்கும் மூன்று விளக்கு டெஸ்டரும், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் கையில் இருந்தன. பெரும்பாலான சாக்கெட்டில் ‘வயரிங் சரி’ என்றுதான் விளக்கு எரிந்தது. மூன்று இடம் மட்டும் உறுத்துகிறது.

படுக்கையறை ஜன்னலோரம்: டெஸ்டரில் எர்த் விளக்கு எரியவில்லை. மீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 229 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 88, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 37. “எர்த் இருக்குங்க, கொஞ்சம் வீக்கா இருக்கும்” என்கிறார் வீட்டுக்காரர்.

சமையலறை மேடை: விளக்கெல்லாம் சரி. ஃபேஸ்–எர்த் 229, நியூட்ரல்–எர்த் 0.0. ஆனால் டெஸ்டரில் ஆர்சிசிபியை (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) சோதிக்கும் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. டிபி பாக்ஸில், அதாவது வீட்டு சர்க்யூட்டுகள் எல்லாம் பிரியும் பெட்டியில், இருக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறது, சமையலறையும் அணைகிறது. அப்படியானால் டெஸ்டர்தான் கோளாறா?

ஹாலில் டிவி வைக்கும் இடம்: பிளக் செருகினால் தொங்குகிறது. பிளேட் மட்டும் புத்தம் புதிது.

இதில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்? இந்த முறை வேறு என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? பிளேட்டைக் கழற்ற அனுமதி கேட்கலாம், கிடைக்குமா தெரியாது.

---

கூரைக்காக்கை:

ரொம்ப யோசிக்கிறீர்கள். நியான் டெஸ்டரை வலது துளையில் வைத்தால் எரிய வேண்டும், மற்ற இரண்டில் எரியக் கூடாது. அவ்வளவுதான். தொங்குகிற சாக்கெட்டை மாற்றிவிடலாம், அது ஒரு வேலையே இல்லை. 88 வோல்ட் காட்டுவதற்கு மீட்டர் பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

---

ஓய்வுபெற்ற வயர்மேன்:

தம்பி, பேட்டரி தீர்ந்திருந்தால் 229 மட்டும் எப்படிச் சரியாக வந்தது? மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். அது உள்ளதைத்தான் சொல்கிறது, நமக்குத்தான் படிக்கத் தெரிய வேண்டும்.

முதலில் அந்த 88. அது வீக் எர்த் இல்லை. எர்த்தே இல்லை. டிஜிட்டல் மீட்டரின் உள் தடை சுமார் 10 மெகாஓம். மூச்சு விட்டாலே அசைகிற தராசு மாதிரி, ஒன்றுமில்லாததற்கும் முள்ளை ஆட்டும். எங்கேயும் இணைக்காமல் விட்ட பச்சை வயர் ஃபேஸ் வயரோடு ஒரே பைப்பில் கூடவே ஓடும்போது, இரண்டுக்கும் இடையிலான கெப்பாசிட்டன்ஸ் வழியாக ஒரு பொய் வோல்ட்டேஜ் அதில் ஏறி நிற்கும். 40 காட்டும், 90 காட்டும், வயர் ஓடும் நீளத்தைப் பொறுத்தது. மீட்டரில் ‘லோ-இசட்’ என்று உள் தடையைக் குறைத்து அளக்கும் ஒரு நிலை இருந்தால் அதில் அளந்து பாருங்கள், அப்படியே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். உண்மையிலேயே வீக் எர்த்தாக இருந்தால் மீட்டர் அதைக் காட்டவே காட்டாது. எர்த்தில் 1000 ஓம் தடை இருந்தாலும் 10 மெகாஓமுக்கு முன்னால் அது தூசு, மீட்டர் 229 என்றே சொல்லும். அதனால் வீட்டுக்காரர் சொன்ன காரணத்துக்கும் நீங்கள் பார்த்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

இதன் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மீட்டரில் 229 வந்துவிட்டதால் எர்த் நல்ல எர்த் என்று ஆகிவிடாது. மூன்று விளக்கு டெஸ்டருக்கும் இதே கதைதான். மூன்று துளைகளில் எதற்கும் எதற்கும் இடையே வோல்ட்டேஜ் இருக்கிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது. எர்த் துளைக்கு எந்த வயர் வந்து சேர்கிறது என்பது அதற்குத் தெரியாது. நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தாலும் ‘சரி’ என்றுதான் எரியும்.

இப்போது சமையலறைக்கு வருவோம். எனக்கு உண்மையில் கவலை தருவது அதுதான்.

டெஸ்டரின் பொத்தானை அழுத்தினால் அது ஃபேஸிலிருந்து எர்த்துக்கு 30 மில்லிஆம்ப் அளவில் கொஞ்சம் கரண்டை விடும். போன கரண்ட் நியூட்ரல் வழியாகத் திரும்பி வராததைப் பார்த்து ஆர்சிசிபி விழ வேண்டும். பாக்ஸில் இருக்கும் பொத்தான் அப்படியில்லை. அது ஆர்சிசிபிக்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக வேறுபாட்டை உண்டாக்குகிறது, வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். அதனால் ஆர்சிசிபி நன்றாக இருக்கிறது, சமையலறையும் அதன் பாதுகாப்பில்தான் இருக்கிறது. ஆனாலும் டெஸ்டர் பொத்தானுக்கு விழவில்லை. ஏன்? எர்த்துக்குப் போன கரண்ட் சாக்கெட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்று சந்தேகப்படுகிறேன். யாரோ நியூட்ரல் டெர்மினலிலிருந்து எர்த் டெர்மினலுக்கு ஒரு துண்டு வயரைப் போட்டு வைத்திருப்பார்கள். எர்த் வயர் இல்லாத பழைய வீட்டில் மூன்று துளை சாக்கெட் மாட்டி, டெஸ்டருக்கும் நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டுமென்றால் இதுதான் சுலபமான வழி. இரண்டும் ஒரே இடத்தில் கட்டியிருப்பதால்தான் உங்களுக்கு 0.0.

கழற்றாமலே உறுதிப்படுத்த வழி இருக்கிறது. 2000 வாட் ஹீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். அதே பிளேட்டில் இரண்டு சாக்கெட் இருந்தால் ஒன்றில் ஹீட்டர், இன்னொன்றில் மீட்டர். எக்ஸ்டென்ஷன் போர்டில் வைத்து அளக்காதீர்கள், அந்த வயரில் விழும் வோல்ட்டும் கணக்கில் சேர்ந்து குழப்பிவிடும். ஹீட்டர் ஓடும்போது ஃபேஸ்–நியூட்ரல் கொஞ்சம் இறங்கும். 229 என்பது 221 ஆகிறது என்று வையுங்கள். இறங்கிய 8 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி ஃபேஸ் வயரில், பாதி நியூட்ரல் வயரில். எர்த் வயர் நிஜமாகவே பாக்ஸ் வரை போகிறதென்றால் அதில் கரண்ட் ஓடவில்லை, அதனால் நியூட்ரல்–எர்த் இப்போது 4 வோல்ட் வாக்கில் காட்ட வேண்டும். அத்தனை லோடிலும் அசையாமல் 0.0 என்று நின்றால் முடிச்சு அந்த பிளேட்டுக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருக்கிறது. துண்டு வயரும் இருந்து நல்ல எர்த் வயரும் இருந்தால் ஹீட்டர் போட்டதுமே ஆர்சிசிபி விழுந்துவிடும். விழாமல் ஓடினால் எர்த் வயர் அங்கே வரவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் என்ன ஆபத்து? நியூட்ரல் வயர் வழியில் எங்காவது விட்டுப்போனால், சுவிட்ச் போட்ட ஃபிரிட்ஜ் வழியாக ஃபேஸ் வந்து நியூட்ரல் டெர்மினலில் நிற்கும். அங்கிருந்து துண்டு வயர் வழியாக ஃபிரிட்ஜின் உடம்புக்கு. ஃபிரிட்ஜ் ஓடாது, ஆனால் தொட்டால் அடிக்கும். ஆர்சிசிபி இருப்பதால் விழுந்துவிடும், ஆனால் தொட்ட பிறகுதான் விழும். இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. துண்டு வயரும் இருந்து ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் எர்த் பின்னிலேயே முழு ஃபேஸ் இருக்கும். மூன்று விளக்கு அதற்கும் ‘வயரிங் சரி’ என்றுதான் சொல்லும்! அதைக் காட்டிக்கொடுப்பது நம் பழைய நியான் டெஸ்டர்தான். காக்கை சொன்னதில் அது சரி. எந்தச் சாக்கெட்டிலும் முதலில் எர்த் துளையில் நியான் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அங்கே எரிந்தால் அந்த அறையில் எதையும் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

நியான் டெஸ்டர் இன்னொன்றும் சொல்லும். வலது, இடது இரண்டு துளையிலும் எரிந்தால் நியூட்ரல் எங்கோ விட்டிருக்கிறது, அதே சர்க்யூட்டில் ஏதோ ஒரு சாதனம் சுவிட்ச் போட்டபடி இருக்கிறது. ஆனால் டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பி மட்டும் எந்த வயரையும் தொடாதீர்கள். அதற்குள் ஓடுவது உங்கள் உடம்பு வழியாகப் போகும் துளிக் கரண்ட். ரப்பர் செருப்பு, காய்ந்த மரத்தரை, வெயில் வெளிச்சம் என்று எது வேண்டுமானாலும் அதை மங்கலாக்கும்.

சுவிட்ச் உள்ள சாக்கெட்டாக இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபேஸ் துளையில் டெஸ்டரை வையுங்கள். எரியக் கூடாது. எரிந்தால் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள். எர்த் ஒழுங்காக உள்ள சாக்கெட்டில் மூன்று விளக்கு டெஸ்டரும் இதைக் காட்டிக்கொடுக்கும்: ஃபேஸை வெட்டினால் முழுவதும் அணையும், நியூட்ரலை வெட்டினால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

ஹால் சாக்கெட்டைப் பற்றி: “அது ஒரு வேலையே இல்லை” என்கிற பேச்சை நான் ஏற்கமாட்டேன். உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருந்தால் தொடும் இடத்தில் தடை ஏறும். அரை ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 10 ஆம்பியர் ஓடினால் அந்தச் சின்ன இடத்தில் 50 வாட் சூடு. அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் விழும் எம்சிபிக்கு அது தெரியாது, கரண்ட் அளவுக்குள்தானே இருக்கிறது. புது பிளேட் என்றீர்கள். பழைய பிளேட்டை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பழசு கருகிப் போய் முகத்தை மட்டும் மாற்றியிருந்தால் பின்னால் வயரின் இன்சுலேஷன் இன்னும் கருகியபடியே இருக்கும். அங்கேயும் ஹீட்டரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பிளேட்டின் மேல் புறங்கையை வையுங்கள், மூக்கையும் கொண்டு போங்கள். அதிகச் சூடேறிய பிளாஸ்டிக்கில் மீன் நாற்றம் மாதிரி ஒன்று வரும், ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டாலோ, உள்ளே சுர்ரென்று சத்தம் கேட்டாலோ உடனே அணைத்துவிடுங்கள்.

ஹீட்டர் ஓடும்போது ஒவ்வொரு இடத்திலும் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். 5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி, 230க்கு அது 11.5 வோல்ட். அதே சர்க்யூட்டில் ஒரு சாக்கெட்டில் 4 வோல்ட், அடுத்ததில் 15 வோல்ட் இறங்கினால் இரண்டுக்கும் நடுவே ஒரு லூஸ் கனெக்ஷன் இருக்கிறது.

கட்டிலுக்குப் பின்னால், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டை விட்டுவிடாதீர்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் வழக்கமாக மாதிரிக்குச் சிலவற்றைத்தான் பார்ப்பார்கள், கைக்கு எட்டியதைப் பார்ப்பார்கள். கையெட்டாத இடத்தில்தான் சுவாரசியமே இருக்கும்.

---

வெள்ளைச்சுவர்:

வயர்மேன் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், 120 வோல்ட் உள்ள இடங்களில் இருப்பவர்களுக்காக. இங்கே ஆர்சிசிபி வேலையைச் செய்வது பெரும்பாலும் சாக்கெட்டிலேயே டெஸ்ட், ரீசெட் பொத்தான்களோடு வரும் ஜிஎஃப்சிஐ. அது 4 முதல் 6 மில்லிஆம்பிலேயே விழும். 1961இல் இதை உருவாக்கியவர் சார்லஸ் டால்ஜீல் என்ற பேராசிரியர். பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகிக்கொள்வது எத்தனை மில்லிஆம்பில் என்று ஆட்களை வைத்தே அளந்தவர் அவர். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5 என்று வந்தது. அதற்கு நன்றாகக் கீழே வைத்திருக்கிறார்கள்.

ஆய்வின்போது தலைவலி என்னவென்றால், ஒரு ஜிஎஃப்சிஐ தனக்குப் பின்னால் இருக்கும் சாதாரண சாக்கெட்டுகளையும் சேர்த்துக் காக்கும். குளியலறையில் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, ரீசெட் எங்கே என்று தேடினால் அது கராஜில் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும். அழுத்துவதற்கு முன்னால் எல்லா ஜிஎஃப்சிஐயும் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஃபிரீசர் எதுவும் அதே லைனில் இல்லை என்றும் பாருங்கள். அப்புறம், பிளக்கை எந்தப் பக்கம் திருப்பியும் செருகலாம் என்கிற வகைச் சாக்கெட் உள்ள நாடுகளில் ஃபேஸ், நியூட்ரல் இடம் மாறியிருப்பது ஒரு குறையே இல்லை. அங்கே ‘மாறியிருக்கிறது’ என்று டெஸ்டர் சொன்னால் வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

---

கூரைக்காக்கை:

சரி, பேட்டரி விஷயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் எர்த் பார்க்க இவ்வளவு கணக்கு எதற்கு? ஹோல்டரில் ஒரு பல்பை மாட்டி, ஒரு வயர் ஃபேஸில், ஒரு வயர் எர்த்தில். பளிச்சென்று எரிந்தால் எர்த் நன்று. எங்கள் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

---

ஓய்வுபெற்ற வயர்மேன்:

எல்லாரும் பார்ப்பார்கள், தெரியும். தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் வயர் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது என்று வையுங்கள். அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் அதே எர்த்தில் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் இருக்கும். பல்ப் வழியாக நீங்கள் விட்ட ஃபேஸ் அவற்றின் உடம்பில் போய் நிற்கும். பல்ப் எரியவில்லையே என்று நீங்கள் இங்கே யோசித்துக்கொண்டிருப்பீர்கள், அங்கே யாராவது கதவைத் திறக்கக் கை வைப்பார்கள். ஆர்சிசிபி உள்ள வீட்டில் இது உதவவும் உதவாது. 15 வாட் பல்பே 65 மில்லிஆம்ப் இழுக்கும், எரிவதற்குள் விழுந்துவிடும். அதுவும் போக, சமையலறையில் இருக்கிற மாதிரி துண்டு வயர் போட்ட சாக்கெட்டில் பல்ப் ஜம்மென்று எரியும்!

எர்த்தின் தரத்தைத் தெரிந்துகொள்ள லூப் இம்பீடன்ஸ் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், வைத்திருப்பவராகப் பார்த்து அழைத்துப் போங்கள்.

---

புதுச்சாவி:

எல்லாருக்கும் நன்றி. இன்று போய் வந்தேன். வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார், பிறகு எலக்ட்ரீஷியன் வந்தால் பிளேட்டைக் கழற்றலாம் என்று ஒப்புக்கொண்டார்.

ஹீட்டர் போட்டதும் சமையலறையில் 229 என்பது 220 ஆனது. நியூட்ரல்–எர்த் 0.0, அசையவில்லை. ஆர்சிசிபியும் விழவில்லை. எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டுத் திறந்தார். கறுப்பு நிறத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயர், நியூட்ரல் ஸ்குரூவிலிருந்து எர்த் ஸ்குரூவுக்கு. பைப்பிலிருந்து இரண்டே வயர்கள்தான் வருகின்றன. படுக்கையறையில் பச்சை வயர் இருக்கிறது, ஆனால் வழியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் மடக்கி டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். அதைச் சேர்த்ததும் டெஸ்டர் பொத்தானுக்கு ஆர்சிசிபி விழுந்துவிட்டது.

ஹால் பிளேட்டுக்குப் பின்னால் நீங்கள் சொன்னது போலவே இருக்கிறது. ஃபேஸ் வயரின் இன்சுலேஷன் ஓர் அங்குலத்துக்குப் பழுப்பாகி, தொட்டால் உதிர்கிறது. முன்பு அங்கே ஹீட்டர் வைத்திருந்தார்களாம்.

வீட்டுக்காரர் அந்தத் துண்டு வயரைப் பற்றித் தனக்குத் தெரியாது என்கிறார். நம்பும்படியாகத்தான் இருந்தது, அவரும் எட்டிப் பார்த்து அதிர்ந்துபோனார். இப்போது விலையைக் குறைக்கக் கேட்பதா, அவரையே சரி செய்துதரச் சொல்வதா?

---

ஓய்வுபெற்ற வயர்மேன்:

விலைப் பேச்சு உங்கள் சாமர்த்தியம். எது நடந்தாலும் வேலையை உங்கள் ஆளை வைத்துச் செய்யுங்கள். விற்கிறவர் செய்தால் இன்னொரு புது பிளேட்தான் வரும்.

படுக்கையறை முடிந்தது. ஹாலில் கருகிய பகுதியை வெட்டிவிட்டு, வயரில் மிச்ச நீளம் இருந்தால் புது சாக்கெட்டில் சேர்க்கலாம், இல்லாவிட்டால் அந்த நீளத்துக்கு வயரை மாற்ற வேண்டும். சமையலறைக்கு பைப்பில் புதிதாக எர்த் வயர் இழுக்க வேண்டும். பழைய பைப்பில் இடம் இருக்கிறதா என்று ஸ்பிரிங் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதில்தான் செலவே இருக்கிறது. துண்டு வயரை மட்டும் காத்திருக்காமல் இன்றே கழற்றச் சொல்லுங்கள். கழற்றினால் அந்தச் சாக்கெட்டுக்கு எர்த் இருக்காது, டெஸ்டரும் அதை ஒளிக்காமல் சொல்லும். எர்த் வயர் வரும்வரை உலோக உடம்பு உள்ள எதையும் அங்கே மாட்ட வேண்டாம்.

அப்படியே எலக்ட்ரீஷியனிடம் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் எல்லா சாதனங்களையும் பிடுங்கிவிட்டு 500 வோல்ட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே எது வந்தாலும் விடாதீர்கள். நல்ல வயரிங் என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஹாலில் வயர் உதிர்கிறது என்றீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

டிபி பாக்ஸைத் திறந்தபோது படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் போடுங்கள். எர்த் பாரில் எத்தனை பச்சை வயர் வந்து சேர்கிறது என்று எண்ணிப் பார்த்தால், சமையலறையைப் போல எர்த் வயர் வராத சர்க்யூட் இன்னும் எத்தனை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.